ஆந்தை ஊதலும் பருந்து ஊதலும்: காகம் கூடுமா, ஓடுமா?

செம்மண்காடு (பள்ளத்தூர் பக்கம்)
மார்கழி 12, காலை 6.40

வணக்கம். கிணற்றுப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் மார்கழிப் பட்டக் கடலை போட்டிருக்கிறேன். விதைத்து இன்றோடு நான்கு நாள். கிழக்கு வெளுக்கும் முன்பே காகங்கள் வந்து இறங்கிவிடுகின்றன. ஏர்ச்சாலைப் பிடித்துக்கொண்டு ஆள் நடப்பதுபோல் நடந்து, மண் சற்று மேடு தட்டிய இடத்தில் நின்று, ஒரே கொத்தில் பருப்பை எடுக்கின்றன. ஒன்றை விழுங்கிவிட்டு அடுத்ததைக் கவ்விக்கொண்டு போய் வரப்போரத்தில் புதைத்து வைத்த காகத்தையும் நேற்றுப் பார்த்தேன். போன வருடம் கிழக்கு வரப்பை ஒட்டி ஆறு சால் இப்படியே போய், இரண்டாம் முறை விதை ஊன்ற வேண்டியிருந்தது. விதைக் கடலை விற்கிற விலையில் அது சின்ன நட்டம் அல்ல.

என் அம்மான் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். கார்த்திகையில் ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது இரண்டு ஊதல்கள் கொடுத்துவிட்டுப் போனான். ஒன்று ஆந்தைக் குரல், மற்றொன்று பருந்துக் குரல். இரண்டும் வாயால் ஊதுவது, பேட்டரி எதுவும் கிடையாது. அங்கே காகம் வேட்டையாடுகிறவர்கள் இவற்றைத்தான் வைத்திருப்பார்களாம். “ஆந்தைச் சத்தம் கேட்டால் காகத்துக்குப் பொறுக்காது” என்றான். பொறுக்காது என்றால் பறந்து ஓடிவிடும் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

நேற்றுக் காலை கிணற்று மேட்டில் நின்று ஊதினேன். ஓடவில்லை. பன்னிரண்டு காகம் இருந்த இடத்தில் கால் மணி நேரத்தில் நாற்பது. தலைக்கு மேலே வட்டமிட்டு ஒரே கத்தல். நான் ஊதுவது தவறா, ஊதல் தவறா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


இலினாய்ஸ்வாசி (காரைக்குடி)
மார்கழி 12, காலை 9.15

தம்பி, ஊதலும் சரி, நீங்கள் ஊதியதும் சரி. உங்கள் அம்மான் மகன் சொன்னதை நீங்கள் எதிர்ப்பக்கமாக எடுத்துக்கொண்டீர்கள். அது காகத்தை விரட்டும் சத்தம் அல்ல, வரவழைக்கும் சத்தம்.

நான் இலினாய்ஸில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். உடன் வேலை பார்த்த ஒருவரோடு ஐந்தாறு குளிர்காலம் மக்காச்சோளக் காட்டோரங்களில் உட்கார்ந்திருக்கிறேன். சுட்டதில்லை, ஊதியிருக்கிறேன். அதனால் அங்கே நடப்பதை விவரமாகவே சொல்கிறேன்.

அங்குள்ள காகம் நம் வீட்டுக் காகம் அல்ல. கழுத்தில் சாம்பல் நிறம் இல்லாமல் முழுக் கறுப்பாக இருக்கும். அதற்குப் பரம விரோதி கொம்பன் ஆந்தையின் அமெரிக்க உறவு ஒன்று. இரவில் காகங்கள் அடைந்திருக்கும் மரத்துக்கு இறக்கைச் சத்தம்கூட இல்லாமல் வந்து, தூங்குகிற காகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும். இருட்டில் காகத்தால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தக் கணக்கைப் பகலில் தீர்க்கும். ஒரு காகம் ஆந்தையைக் கண்டு கத்தினால் போதும், காது கேட்கும் தூரத்தில் உள்ள அத்தனையும் வந்து சூழ்ந்துகொள்ளும். மேலே பாய்ந்து, இறகைக் கொத்தி, ஆந்தை அந்த வட்டாரத்தை விட்டுக் கிளம்பும்வரை துரத்தும். வேட்டைக்காரர்கள் நம்பியிருப்பது இந்தக் கோபத்தைத்தான்.

உட்காரும் இடம் பாதி வேலை. காட்டோர நிழலில், முகம் கை எல்லாம் மறைத்து உட்கார வேண்டும். வெளுத்த முகம் ஒன்று அசைந்தால் முதல் காகமே கண்டு திரும்பிவிடும். திறந்த வெளியில் ஒரு கம்பத்தின்மேல் ஆந்தைப் பொம்மை, சுற்றிக் கிளைகளில் நான்கைந்து காகப் பொம்மைகள். முதலில் ஆந்தை ஊதல்: அடித்தொண்டையிலிருந்து மெதுவாக நான்கைந்து கூவல், சற்று நிறுத்தி மறுபடி ஒருமுறை. அடுத்து, ஆந்தையைக் கண்டுவிட்ட காகம் போடும் கூப்பாட்டைக் காக ஊதலில் அவசரமாகக் கரகரப்பாக ஊதுவார்கள். கூட்டம் கண்ணில் பட்டதும் ஆந்தை ஊதல் வாயை விட்டு இறங்கிவிடும். அப்புறம் காகக் குரல் மட்டும்தான்.

பருந்து ஊதலுக்கு வேலை வேறு. செவ்வால் பருந்தின் கத்தல் அது. உயரத்தில் தொடங்கி இறங்கிவரும் ஒரே இழுப்பு, இரண்டு மூன்று விநாடி. அதையும் காக ஊதலையும் மாற்றி மாற்றி ஊதினால், எங்கோ ஒரு காகம் பருந்தோடு சண்டையில் சிக்கிக்கொண்டது என்று மற்றவை நினைக்கும். ஆந்தைக்குத் திரளும் கூட்டம் இதற்குத் திரண்டு நான் பார்த்ததில்லை. நல்ல வெயில் ஏறிய பிறகு, ஆந்தைக் குரலுக்குக் காகம் சந்தேகப்படும் நேரத்தில் இதை எடுப்பார்கள்.

ஒரே இடத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார்வதில்லை. அந்த இடத்துக்கு மறுபடி வாரக்கணக்கில் போவதும் இல்லை. ஏமாந்து தப்பித்த காகம் ஒன்று இருந்தால் போதும், அது மற்றவற்றையும் கெடுத்துவிடும்.


வழக்காடுமன்றம் (சிவகங்கை)
மார்கழி 12, பகல் 1.05

வேட்டை என்ற சொல் வந்ததால் இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவிலும் அது கட்டுப்பாடில்லாத காரியம் அல்ல. மெக்சிகோவுடன் உள்ள பறவை ஒப்பந்தத்தில் 1972-ல் காகக் குடும்பமும் சேர்ந்தது. மாநிலங்கள் ஆண்டுக்கு 124 நாளுக்கு மேல் காக வேட்டைக் காலம் வைக்கக்கூடாது, கூடு கட்டும் உச்சப் பருவத்தில் கூடாது என்பது மத்திய விதி. பயிரை அழிக்கும் நேரத்துக்குத் தனி ஏற்பாடு உண்டு.

நம் நாட்டில் அதே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வீட்டுக் காகம் ஐந்தாம் அட்டவணையில் இருந்தது. எலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றோடு தீங்குயிர் என்ற பெயரில். “காக்கைதானே, யார் கேட்பார்” என்று பலர் இன்னும் பேசுவது அந்தப் பழைய நினைவில்தான். 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையே எடுக்கப்பட்டுவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இனி ஓர் உயிரைத் தீங்குயிர் என்று அறிவிப்பதானால் மத்திய அரசு தனியாக அறிவிக்க வேண்டும். இன்னொன்று: சட்டத்தில் வேட்டை என்பதன் பொருள் கொல்வது மட்டும் அல்ல. பிடிப்பது, கண்ணி வைப்பது, இரை காட்டி இழுப்பது, அதற்கு முயல்வது எல்லாம் அதில் அடங்கும். கடலைக் காட்டில் நின்று கையைத் தட்டி விரட்டுவதற்கு யாரும் வழக்குப் போடப்போவதில்லை. ஊதல் வைத்துக் கூட்டி, கவணோ ஏர்கன்னோ எடுத்தால் அது வேறு கதை.


வளவுவீட்டு ஆச்சி (கானாடுகாத்தான்)
மார்கழி 12, மாலை 4.30

செம்மண்காடு தம்பிக்கு. காகத்தைக் கொல்வது பற்றி நீங்கள் கேட்கவில்லை என்பது புரிகிறது. இருந்தாலும் தலைப்பைப் பார்த்ததும் எனக்கு மனம் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டில் உலை இறக்கினால் முதல் கவளம் சுவர்மேல்தான். அமாவாசை அன்று காகம் எடுக்காமல் வீட்டில் ஒருவரும் இலையில் உட்கார மாட்டோம். என் அப்பத்தா பட்டினியாக இரண்டு மணி வரை முற்றத்தில் நின்று “கா கா” என்று கூப்பிட்டதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

அதே அப்பத்தாதான் வற்றல் காயப்போட்ட நாளில் கையில் மூங்கில் கழியோடு மாடியில் உட்கார்ந்திருப்பார்கள். வளவுக்கு மேலே கம்பி வலை போட்டதே காகத்துக்காகத்தான். ஒரு நாள் சோறு வைப்பதும் மறுநாள் விரட்டுவதும் அவர்களுக்கு முரணாகத் தோன்றியதே இல்லை. விரட்டுங்கள். மூதாதையர் வந்து உட்காரும் பறவையை ஆந்தைக் குரலால் அலற வைக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.


சீவாளி (காரைக்குடி)
மார்கழி 13, இரவு 8.20

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நாகஸ்வரம். ஊதல் என்றதும் இருப்புக் கொள்ளவில்லை. இன்று மாலை செம்மண்காட்டு அண்ணன் வீட்டுக்கே போய் இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டேன்.

ஆந்தை ஊதல் கை விரல் நீளம், வாதுமை மரம் மாதிரி நிறம். நடுவில் திருகினால் இரண்டாகப் பிரிகிறது. உள்ளே ஒரு சிறு தொட்டி, அதன்மேல் நகத்தின் கனம் உள்ள ஒரே ஒரு நாக்கு, அதை இறுக்கிப் பிடிக்க ஒரு தக்கை. நாகஸ்வரத்தின் முனையில் வைத்து ஊதும் நம் சீவாளியில் இரண்டு உதடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பிரியும். இதில் ஒரு நாக்கு தொட்டியின்மேல் அடித்து எழும்புகிறது. தக்கையைச் சற்று வெளியே இழுத்து நாக்கின் நீளத்தைக் கூட்டினேன். குரல் இறங்கியது. நாகஸ்வரத்தில் மந்தர ஸ்தாயிக்கு உதட்டைத் தளர்த்துவோமே, அந்த வேலையை இங்கே தக்கை செய்கிறது. கன்னத்தில் காற்றை அடக்கி ஊதினால் வாத்துக் குரல்தான் வரும். அடிவயிற்றிலிருந்து ‘ஹூ’ என்று சொல்லிக்கொண்டே காற்றை விட வேண்டும். முன்முனையை உள்ளங்கையால் மூடி, கூவல் முடியும்போது மெல்லத் திறந்தால் அந்த உருண்ட ஓசை கிடைக்கிறது. நான்காவது தடவை சரியாக விழுந்தது. வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தில் இருந்த இரண்டு காகங்கள் உடனே கழுத்தை நீட்டின.

பருந்து ஊதலின் நாக்கு மிகக் குட்டை, மெல்லியது. அதைப் பற்றி என் கருத்து ஒன்று. அது கத்தும் கத்தல் நம் ஊர்ப் பறவை எதனுடையதும் அல்ல. நம் வல்லூறு இரண்டு இரண்டாக வெட்டி வெட்டிக் கூப்பிடும். கள்ளப்பருந்து குதிரைக்குட்டி கனைப்பதுபோல் நடுங்கி இழுக்கும். இந்த அமெரிக்கச் செவ்வாலின் குரலை நம் காகம் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. ஊதிப் பார்த்தோம். மரத்தில் இருந்த அணில் ஒளிந்தது, காகம் தலையைச் சாய்த்துப் பார்த்ததோடு சரி.

ஆந்தை ஊதல் மட்டும் ஏன் பலித்தது என்பதற்கு இலினாய்ஸ்வாசி ஐயா விடை சொல்ல வேண்டும்.

இந்த வித்தை நம்மிடம் இல்லாததும் அல்ல. இரண்டு உள்ளங்கைகளையும் கூடு போலக் குவித்து, கட்டைவிரல் கணுக்களுக்கு நடுவே உள்ள சந்தில் ஊதினால் கூகைக் குரலும் புறாக் குரலும் வரும். பூவரசு இலையைச் சுருட்டி ஒரு முனையை நசுக்கினால் பீப்பி. அது நம் சீவாளியின் தம்பி. இரண்டு கட்டைவிரலுக்கு நடுவே அகலமான புல்தோகையை இழுத்துப் பிடித்து ஊதினால் பருந்து தோற்றுப்போகும். நரிக்குறவர் பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் ஊசி மணி விற்க வருவார். கையில் எதுவும் இல்லாமல், நாக்கை மடித்தே கவுதாரியாகவும் காடையாகவும் கூப்பிட்டுக் காட்டுவார். எந்தக் கடையிலும் அந்தக் குரலுக்கு ஊதல் கிடைக்காது.


இலினாய்ஸ்வாசி (காரைக்குடி)
மார்கழி 14, காலை 7.00

சீவாளி தம்பிக்கு: அமெரிக்கக் கொம்பனும் நம் கொம்பன் ஆந்தையும் ஒரே பேரினம். இரண்டுக்கும் அந்த ஆழ்ந்த ‘ஊ’ பொது. பிரான்மலைப் பக்கத்துப் பாறைகளில் பொழுது சாய்ந்ததும் நான் கேட்டிருக்கிறேன். குரல் அமைப்பு வேறு, அடிக்குரல் ஒன்று. நம் காகத்துக்கு அந்த அடிக்குரலே போதுமாக இருந்திருக்கிறது. பகலில் கூகையைக் காகம் வெல்லும் என்பதை நாம் பள்ளிக்கூடத்திலேயே குறளில் படித்துவிட்டோம். ஊதல் செய்தவர்கள் பிழைப்பு நடத்துவது அந்த ஒரு வரியில்தான்.

ஊதலுக்குப் பதில் ஒலிபெருக்கியில் பதிவை ஓடவிடுகிறவர்கள் அங்கே ஏராளம். என் நண்பர் கடைசிவரை கை ஊதலை விடவில்லை. பதிவு எப்போதும் ஒரே மாதிரி கத்தும். ஊதுகிறவன் காகத்தைப் பார்த்துக்கொண்டே ஊதுகிறான். அது தயங்கினால் குரலைத் தாழ்த்துகிறான், நெருங்கினால் நிறுத்திவிடுகிறான். இந்த நிறுத்தம் பதிவுக்குத் தெரியாது.


வேட்டங்குடிக்காரன் (திருப்பத்தூர் வட்டம்)
மார்கழி 14, காலை 10.45

நண்பர்கள் அனைவரும் காகத்தின் பக்கமும் கடலையின் பக்கமும் பேசிவிட்டீர்கள். ஆந்தையின் பக்கம் பேச ஒருவர் வேண்டும்.

என் ஊர் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டியது. கொள்ளுகுடிப்பட்டியிலும் எங்கள் பக்கத்திலும் கண்மாய்ப் பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சரணாலயமாக அறிவித்தது 1977-ல். மொத்தமே 38 ஹெக்டேர் சொச்சம். நத்தைக்குத்தி நாரையும் கொக்கும் நம்பி வருவதற்குக் காரணம் ஊரின் அமைதிதான். சத்தம் என்ற ஒன்று பறவைக்கு என்ன செய்யும் என்பது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும்.

நீங்கள் ஊதும்போது நாற்பது காகம் ஆந்தையைத் தேடி வருகிறது. உங்கள் ஊதலில் ஆந்தை இல்லை. ஆனால் உங்கள் புளியமரத்தில் இருக்கிறது. செட்டிநாட்டில் பழைய புளியமரமும் பூட்டிக் கிடக்கும் வீடும் இருக்கும் இடமெல்லாம் புள்ளி ஆந்தையோ வெண்கூகையோ குடியிருக்கும். கோபத்தோடு வந்த கூட்டம் பொம்மையைக் காணவில்லை என்றால் சும்மா திரும்பிப் போகாது. ஒவ்வொரு கிளையாகத் தேடும். மார்கழி, தை என்பது புள்ளி ஆந்தை பொந்து பிடித்து இணை சேரும் காலம். தயவுசெய்து நிறுத்துங்கள். உங்கள் வயலில் எலியைப் பிடிப்பவை அவைதான். கடலை காய் பிடித்த பிறகு எலி வந்தால் யாரிடம் போவீர்கள்?


செம்மண்காடு (பள்ளத்தூர் பக்கம்)
மார்கழி 15, இரவு 7.50

எல்லோருக்கும் நன்றி. இலினாய்ஸ்வாசி அண்ணன் எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. கூட்டுகிற சத்தம் என்றால், வேண்டாத இடத்திலிருந்து வேண்டிய இடத்துக்குக் கூட்டிப் போகலாமே? என் காட்டுக்கு வடக்கே முக்கால் கிலோமீட்டரில் கண்மாய்க் கரை. கரைமேல் கருவேலம். நேற்று ஐந்தரை மணிக்கே போய் ஒரு புதரோரம் உட்கார்ந்து ஊதினேன். என் மகன் காட்டில் நின்று எண்ணினான். ஆறு மணிக்குக் காட்டில் ஒரு காகம்கூட இல்லை. அத்தனையும் என் தலைக்கு மேலே. ஏழரை வரைக்கும் அப்படியே. இன்றும் அதே போல், கொஞ்சம் குறைவான நேரம்.

வேட்டங்குடி அண்ணன் எழுதியது மனத்தில் இருக்கிறது. கண்மாய்க் கரையில் புளியமரம் இல்லை, அதனால்தான் அங்கே போனேன். முளை வெளியே தெரிய இன்னும் மூன்று நான்கு நாள். அதுவரை மட்டும்.


கிள்ளான் கரை (மலேசியா, பூர்விகம் தேவகோட்டை)
மார்கழி 16, காலை 5.20

கடல் கடந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் பேச்சில் எங்கள் ஊர்க் கதையும் உண்டு. மலாயாவில் வீட்டுக் காகம் இயற்கையாக இருந்ததில்லை. 1890களில் காப்பித் தோட்டங்களில் புழுத் தொல்லைக்காக இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். நம் பாட்டன்மார் வட்டித்தொழிலுக்குக் கப்பல் ஏறிய அதே காலம். காப்பித் தோட்டம் போய் ரப்பர் வந்தது, காகம் போகவில்லை. இங்கே நகராண்மைக் கழகமே துப்பாக்கிக்காரர்களை வைத்துக் காகம் சுட்டிருக்கிறது. கென்யாவிலும் 2024-ல் பத்து லட்சம் காகத்தை ஒழிப்பதாக அரசு அறிவித்தது. அங்கேயும் இதே சாம்பல் கழுத்துக் காகம்தான்.

நான் பார்த்தவரை, சுட்ட தெருவில் ஒரு வாரம் காகம் இருக்காது. அதன் பிறகு சுடுகிறவர் வரும் வண்டியை அடையாளம் வைத்துக்கொண்டு, அது திரும்பும் முனையிலேயே கத்தித் தகவல் சொல்லிவிடும். தேவகோட்டையில் என் ஐயா வீட்டு மாடியில் சோற்றுக்கு வந்து உட்காரும் அதே பறவை இங்கே அந்நியனாக இருப்பதைப் பார்க்க எனக்கு எப்போதும் சங்கடம்தான்.


செம்மண்காடு (பள்ளத்தூர் பக்கம்)
மார்கழி 17, காலை 9.30

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நேற்றைக்கே கூட்டம் பாதியாகிவிட்டது. இன்று ஊதியபோது ஏழு காகம் மட்டும் வந்தது. மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேராகக் கடலைக் காட்டுக்குப் போய்விட்டது. எனக்கு ஆத்திரம். எழுந்து, கரையோரமாகத் தெற்கே நடந்துகொண்டே ஊதினேன். அய்யனார் கோயில் திருப்பத்தில் ஒரு பட்டுப்போன இலுப்பை நிற்கிறது. அதில் பொந்து இருப்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்.

காகங்கள் அங்கே திரும்பி வந்தன. இந்த முறை என்னைச் சுற்றவில்லை. இலுப்பையைச் சுற்றின. பொந்தின் வாயில் ஒரு புள்ளி ஆந்தை உட்கார்ந்திருந்தது. என் கையகலம்தான் இருக்கும். மஞ்சள் கண். உடம்பைக் குறுக்கிக் குறுக்கி மரப்பட்டையோடு ஒட்டப் பார்த்தது. மற்றொன்று பக்கத்துக் கிளையிலிருந்து கிளம்பிப் பொந்துக்குள் போக முயன்றது. நடுவழியில் ஒரு காகம் காலால் அடித்தது. ஆந்தை தரையில் விழுந்தது. எனக்குப் பத்தடி தூரத்தில். இரண்டு இறக்கைகளையும் விரித்துத் தரையோடு படுத்து, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. காகங்கள் சுற்றி இறங்கத் தொடங்கின. ஊதல் என் வாயில் இருக்கிறது.

துண்டை எறிந்து மூடி, கூட்டத்தைக் கையால் விலக்கி, அதை எடுத்து ஒரு கள்ளிப் புதருக்குள் வைத்தேன். துண்டுக்கு மேலாக அதன் நெஞ்சு அடிப்பது விரலில் தெரிந்தது. ஒரு கைக்கடிகாரத்தைப் பிடித்திருப்பதுபோல், அதைவிட வேகமாக. அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். காகங்கள் கலைந்த பிறகு அது நடந்தே புதரின் உட்பக்கம் போய்விட்டது. இடது இறக்கை சற்றுத் தொங்கியது.

வேட்டங்குடி அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அடிபட்ட ஆந்தைக்கு என்ன செய்ய வேண்டும்?


வேட்டங்குடிக்காரன் (திருப்பத்தூர் வட்டம்)
மார்கழி 17, காலை 9.55

மன்னிப்பெல்லாம் அப்புறம். தொந்தரவு செய்யாமல் தூரத்தில் நின்று, பொழுது சாயும்போது பாருங்கள். இருட்டியதும் பறந்து பொந்துக்குப் போனால் கவலை இல்லை. பறக்க முடியாமல் தரையிலேயே இருந்தால், காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, உள்ளே இருட்டாக வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். பால், சோறு எதுவும் ஊட்ட வேண்டாம். வாயில் தண்ணீரும் ஊற்ற வேண்டாம். நாய் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பஸ் ஏறுகிறேன்.


இலினாய்ஸ்வாசி (காரைக்குடி)
மார்கழி 17, பகல் 12.20

முறையை எழுதியவன் நான். இது எனக்கும் பொறுப்பு உள்ள விஷயம்.

காகம் நான்கே நாளில் உங்கள் ஊதலைப் புரிந்துகொண்டதில் ஆச்சரியம் இல்லை. சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்ற பேராசிரியர் 2006-ல் குகை மனிதன் முகமூடி ஒன்றை மாட்டிக்கொண்டு ஏழு காகங்களைப் பிடித்து, வளையம் போட்டு விட்டுவிட்டார். வருடங்கள் கழித்தும் அந்த முகமூடியோடு வளாகத்தில் யார் நடந்தாலும் காகங்கள் திட்டின. பிடிபடாத காகங்களும், அந்த நாளில் பிறந்தே இருக்காத குஞ்சுகளும் சேர்ந்து திட்டின. உங்கள் மேல்துண்டும் நடையும் இந்நேரம் அந்தக் கூட்டத்துக்குப் பாடமாகியிருக்கும். கொஞ்ச நாளைக்கு வேறு துண்டு போட்டுக்கொண்டு போங்கள்.


வளவுவீட்டு ஆச்சி (கானாடுகாத்தான்)
மார்கழி 17, மாலை 3.40

தம்பி, மனத்தை விட்டுவிடாதீர்கள். எங்கள் இரண்டாங்கட்டில் ஐந்து வருடத்துக்கு முன் ஒரு கூகை விழுந்தது. காலை எட்டு மணி. வெள்ளை முகம், இதய வடிவம். ஓட்டு விளிம்பு முழுக்கக் காகம். வேலைக்கு வந்த பெண் அபசகுனம் என்று உள்ளே வர மறுத்தாள். நான் அரிசி புடைக்கும் சுளகைக் கவிழ்த்து மூடி, அதன்மேல் ஈரத்துணி போட்டு, மாலை வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில் சுளகைத் தூக்கினேன். முற்றத்தை ஒருமுறை சுற்றிவிட்டுப் போய்விட்டது. இன்றைக்கும் பூட்டிய பங்காளி வீட்டு மச்சில் குடும்பத்தோடு இருக்கிறது. எங்கள் நெல் பத்தாயத்தில் எலி கிடையாது.

காட்டுக்கு ஒரு வழி சொல்கிறேன். பழைய பாட்டு கேசட் இருந்தால் அதன் நாடாவை உருவி, ஆள் இடுப்பு உயரத்தில் கம்பு நட்டு, குறுக்கே முறுக்கிக் கட்டுங்கள். காற்றில் ரீங்கரிக்கும், வெயிலில் மின்னும். எங்கள் குத்தகைக்காரர் பத்து நாளைக்கு அதைத்தான் செய்கிறார். பத்து நாள்தான் பலிக்கும், கடலைக்கு அது போதும்.


சீவாளி (காரைக்குடி)
மார்கழி 17, இரவு 9.00

என் வீட்டில் தாத்தா காலத்துக் கச்சேரிக் கேசட்டுகள் பூஞ்சை பிடித்துப் பெட்டியில் கிடக்கின்றன. நாளை காலை எடுத்து வருகிறேன்.


செம்மண்காடு (பள்ளத்தூர் பக்கம்)
தை 3, மாலை 6.10

தாமதத்துக்குப் பொறுக்க வேண்டும், பொங்கல் வேலை.

அன்று இரவு வேட்டங்குடி அண்ணனும் நானும் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். ஆறே முக்காலுக்குக் கள்ளிப் புதரிலிருந்து கிளம்பியது. முதல் தடவை தாழ்வாகப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்தது. இரண்டாம் தடவை இலுப்பையின் பொந்துக்கே போய்விட்டது. உள்ளே இருந்தது கீச்சிட்டது, இது பதில் சொன்னது. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். நேற்று மாலையும் இரண்டும் பொந்து வாயில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

காட்டில் பதினாறு கம்பு நட்டு நாடா கட்டினோம். பிள்ளைகள் பள்ளி விடுமுறையில் விடியற்காலம் இரண்டு மணி நேரம் தகரம் தட்டினார்கள். தண்ணீர் விட்டு மண் இறுகிய பிறகு காகத்தின் கொத்து முன்போல் இறங்கவில்லை. நான் விதையை மேலாகப் போட்டிருந்தேன், அதுவும் ஒரு காரணம். அடுத்த பட்டத்துக்கு இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்றப் போகிறேன். முளை வந்துவிட்டது. கிழக்கு வரப்போரம் இரண்டு சாலில் மட்டும் பாடு. நிரப்பிவிட்டேன். பொங்கல் அன்று முதல் படையலைக் காகத்துக்கு வைத்தேன். வெகு நேரம் யோசித்துவிட்டு ஒன்று வந்து எடுத்தது. மற்றவை இன்னும் என்னைக் கண்டால் மரம் மாறி உட்காருகின்றன.

ஊதல்கள் இரண்டையும் சீவாளி தம்பியிடம் கொடுத்துவிட்டேன். நாக்கை எடுத்துவிட்டு, அந்தத் தொட்டியில் நாணல் நாக்குப் பொருத்திக் குழந்தைகளுக்கு ஒரு ஊதல் செய்து பார்க்கப் போகிறாராம்.

இன்று காலை ஐந்து மயில் இறங்கி இளஞ்செடியைக் கிள்ளிக்கொண்டிருந்தன. அதற்குத் தனி இழை திறக்கிறேன்.